ஒன்பதாவது ஆள்

சங்கரநயினார் தம் வீட்டின் மூத்தவராக நீடிக்க வேண்டுமானால் மனிதவள மேலாண்மையில் முதுகலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று தபாலில் உத்தரவு வந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று. உத்தரவை இரண்டு முறை படித்தார். எழுத்துப் பிழை இல்லை. முத்திரை சரியான இடத்தில் விழுந்திருந்தது. ஆகவே அதை ஏற்றுக்கொண்டார்.

வந்த நேரம்தான் சரியில்லை. ஆவணியில் பேத்திக்குக் கல்யாணம். அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும். 'தங்கள் வருகையை விரும்பும்' என்ற வரிக்குக் கீழே வீட்டு மூத்தவர் பெயர் வரும். மூன்று தலைமுறையாக அந்த இடம் ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

பாளையங்கோட்டையில் அச்சகம் வைத்திருந்த பிச்சாண்டி தலையைச் சொறிந்தார்.

"அண்ணாச்சி, பட்டத்தோட நகல் ஒண்ணு வேணும்."

"எங்க அப்பா காலத்துலேருந்து ஒங்க அச்சகத்துலதான் அடிக்கோம். நான் யாருன்னு ஒமக்குத் தெரியாதாவே?"

"எனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியலயே."

ஓட்டிக் காட்டினார். பெண் பெயர் விழுந்தது. மாப்பிள்ளை பெயர் விழுந்தது. மண்டபத்துக்கு வழி விழுந்தது. சங்கரநயினார் பெயர் வரவேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அதைத் தடவிப் பார்த்தார். சூடாக இருந்தது.

மூத்தவர் இல்லாத வீடு என்று சம்பந்தி வீட்டார் நினைத்துவிட்டால் அதற்குப் பிறகு தெருவில் நடக்க முடியாது.

"படிச்சிட்டு வாரேன்" என்றார். முதுகை வளைக்காமல் படியிறங்கினார்.

கல்லூரியில் சேர்க்கைப் பிரிவு எழுத்தர் பன்னீர் என்பவர். விண்ணப்பத்தில் வயது எழுபது என்று போட்டிருந்தார். சங்கரநயினார் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"எழுபத்தொண்ணு. மூணு மாசம் ஆகுது."

"ஒரு வயசு குறைச்சலா இருந்தா நல்லதுதான அண்ணாச்சி?"

"எங்க வீட்டுல யாரும் பொய்யான காயிதத்துல கையெழுத்துப் போட்டதில்ல."

பன்னீர் திருத்தினார். "முன் அனுபவம்?"

"நாப்பத்தெட்டு வருஷமா மூத்தவரா இருக்கேன்."

"எத்தனை பேரச் சேத்திருக்கிய?"

"ரெண்டு மருமக. பேரன், பேத்தி."

"எத்தனை பேர நீக்கியிருக்கிய?"

சங்கரநயினார் ஜன்னலைப் பார்த்தார்.

"ஒருத்தி."

"பேரு?"

"அந்தப் பேர எங்க வீட்டுல சொல்லுததில்ல."

பன்னீர் தலையாட்டினார். பெயர் என்ற கட்டத்தில் 'அந்தப் பேர எங்க வீட்டுல சொல்லுததில்ல' என்று எழுதிக்கொண்டார். கட்டம் போதவில்லை. பக்கத்துக் கட்டத்திலும் எழுதினார். எழுதும்போதே சங்கரநயினார் தலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து மையைக் கலைத்தது. பன்னீர் உறிஞ்சுதாளை ஒற்றினார்.

சங்கரநயினாருக்குத் தலை காய்வதில்லை. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், கூடப்பிறந்தவள் ஒருத்திக்குத் தூத்துக்குடி தொலைபேசி நிலையத்தில் வேலைக்கு உத்தரவு வந்தது. நம் வீட்டுப் பெண் கை நீட்டிச் சம்பளம் வாங்குவதா என்று அவர் அந்தக் காகிதத்தை நான்காகக் கிழித்தார். அவள் நான்கையும் பசை போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு காலை ஏழு மணி வண்டிக்குப் போய்விட்டாள். அன்று மாலை வீட்டுத் தொலைபேசி மணி அடித்தது. அவர் ரிசீவரை எடுத்து, காதில் வைக்காமல், பக்கத்தில் மேசைமேல் படுக்க வைத்தார். நேரே தாமிரபரணிக்குப் போனார். அவள் செத்தாள் என்று சொல்லி முங்கித் தலை முழுகினார். பதினாறாம் நாள் ஊருக்குச் சோறு போட்டார். பாயசம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு நனைந்த தலை. துவட்டிக்கொண்டே இருக்கிறார். ஒரு நாளைக்கு நான்கு துண்டு. இந்த நாற்பத்தெட்டு வருஷத்தில் அவருக்கு ஒரு தடவைகூடச் சளி பிடித்ததில்லை. குடும்பத்தில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ரிசீவரும் மேசைமேல் அப்படியே கிடந்தது. தூசி படியாமல் அதன்மேல் ஒரு பூத்துணியைப் போட்டிருந்தாள் அவர் மனைவி உலகம்மாள்.

வகுப்பில் நாற்பது பேர். முப்பத்தொன்பது பேர் பெண்கள். சங்கரநயினார் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் மாரிச்செல்வி என்ற பெண்.

"தாத்தா, ஒங்க துண்டு என் நோட்டுல சொட்டுது."

"தாத்தான்னு கூப்பிடாத. இது வகுப்பு."

"பின்ன எப்பிடிக் கூப்பிட?"

"முழுப் பேரச் சொல்லு. மரியாதையோட."

"சங்கரநயினார் அவர்களே, ஒங்க துண்டு என் நோட்டுல சொட்டுது."

அவர் துண்டை மாற்றிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"நீ எதுக்கு இதப் படிக்க?"

"வேலைக்குப் போகத்தான்."

"வீட்டுல விடுதாங்களா?"

"அவங்கதான் தள்ளி விடுதாங்க. நீங்க எதுக்குப் படிக்கிய?"

"வீட்டுலயே இருக்க."

மாரிச்செல்வி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். தேர்வுக்கு வரும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

பேராசிரியை ஜெசிந்தா உயரம் குறைவானவர். கேள்வி கேட்கும்போது வளருவார். அன்றைக்கு அவர் தலை மின்விசிறிக்குப் பக்கத்தில் இருந்தது. விசிறியை நிறுத்தினார்கள்.

"நிறுவனம் என்றால் என்ன? சங்கரநயினார் சொல்லுங்க."

"ஆட்கள்."

"ஆட்கள் வருவாங்க, போவாங்க. போன பிறகும் நிறுவனம் இருக்குதே. அது என்ன?"

"கௌரவம்."

"அதை எங்கே வச்சிருக்கீங்க?"

சங்கரநயினார் யோசித்தார். வீட்டில் ஒவ்வொரு அறையாக மனத்துக்குள் போய்ப் பார்த்தார். நெல் இருந்த இடம் தெரிந்தது. பத்திரம் இருந்த இடம் தெரிந்தது.

"தேடிப் பாத்துச் சொல்லுதேன்" என்றார்.

"நாற்காலிதான் நிறுவனம்" என்றார் ஜெசிந்தா. "உட்கார்ந்திருப்பவர் இல்லை. அவர் எழுந்தால் அடுத்தவர் உட்கார வேண்டிய அந்த இடம்." சொல்லி முடித்ததும் பழைய உயரத்துக்கு வந்துவிட்டார்.

முதல் பருவம் தையில் தொடங்கிப் பங்குனியில் முடிந்தது. இரண்டாம் பருவம் ஒரு மத்தியானத்தில் முடிந்தது. மூன்றாம் பருவம் அவர் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தபோது நடந்துவிட்டது. நான்காம் பருவம் முழுக்கச் செய்முறை. அதற்காகக் கல்லூரியே அவர் வீட்டு இரண்டாங்கட்டுக்கு மாற்றப்பட்டது. வகுப்பறை நெல் அறையில். தேர்வுப் பிரிவு சாமி அறையில். பன்னீர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போய் முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்தார்.

"நாப்பது பேருக்குக் காப்பியா?" என்றாள் உலகம்மாள்.

"நாப்பத்திரெண்டு. பன்னீருக்குச் சீனி கூடாது."

முதல் செய்முறை, ஆள் கணக்கு. உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர்? சங்கரநயினார் எட்டு என்று எழுதினார். தாம், உலகம்மாள், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், பேத்தி, பேரன். விடைத்தாள் திரும்பி வந்தது. தவறு. ஒன்பது.

எட்டு என்று மறுபடியும் எழுதினார். மறுபடியும் தவறு.

அவருக்குக் கோபம் வந்தது. தம் வீட்டில் எத்தனை பேர் என்று கல்லூரி சொல்லுவதா? எல்லாரையும் கூடத்தில் வரிசையாக நிறுத்தினார். முதல் ஆளாகத் தாம் நின்றார்.

"ஒண்ணு" என்றார்.

"ரெண்டு" என்றாள் உலகம்மாள். அடுப்பில் பால் இருக்கிறது என்றும் சொன்னாள்.

மகன்கள், மருமகள்கள், பேத்தி. கடைசியில் பேரன். "எட்டு" என்றான்.

"ஒன்பது" என்றது ஒரு குரல்.

வரிசையின் கடைசியில் யாரும் இல்லை. தொலைபேசி மேசை இருந்தது. பூத்துணி கொஞ்சம் விலகியிருந்தது. தெளிவான குரல். எண்களைச் சொல்லிப் பழகிய குரல்.

ஜெசிந்தா குறித்துக்கொண்டார். "ஒன்பது. சரி" என்றார்.

பால் பொங்கி வழிந்தது.

அடுத்தது முந்நூற்று அறுபது பாகை மதிப்பீடு. சங்கரநயினார் கூடத்தின் நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றி நிற்பவர்கள் எல்லாப் பக்கமும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுற்றினார். முதுகு நேராக இருந்தது. தரையில் தண்ணீர் வட்டமாகச் சொட்டியது.

தாள்களைப் பிரித்துப் படித்தார்கள். உலகம்மாள் ஐந்துக்கு மூன்றரை போட்டிருந்தாள். 'நேரத்துக்குச் சாப்பிடுவார்கள்' என்று குறிப்பு. மூத்த மகன் நான்கு. 'கேட்டால் பதில் சொல்லுவார். கேட்க முடியாது.' மருமகள்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு ஐந்து போட்டிருந்தார்கள். பேத்தி, 'அழைப்பிதழ் எப்போது வரும்?' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

வீட்டு ஆட்கள் ஏழு தாள் கொடுத்திருந்தார்கள். எட்டாவதாக ஒன்று இருந்தது. மதிப்பெண் இல்லை. அழகான சாய்வெழுத்து.

'நாற்பத்தெட்டு வருஷமாக எங்கேஜ்டு.'

அந்தத் தாளை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அன்று முழுக்க அந்தப் பக்கம் மட்டும் சட்டை நனையவில்லை.

"யாரு எழுதுனது?" என்றாள் உலகம்மாள்.

"தெரியல."

"எனக்குத் தெரியுது. ஒங்களுக்குத் தெரியலயாக்கும்."

"உலகு, அடுப்பப் பாரு."

"அடுப்ப நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஒங்க படிப்பப் பாருங்க."

கடைசிச் செய்முறைதான் அவரைச் சாய்த்தது. பணிமூப்புப் பட்டியல். வீட்டு ஆட்களை வயதுப்படி எழுத வேண்டும். இது ஒன்றும் கடினமில்லை. முதல் இடத்தில் தம் பெயரை எழுதினார். மை பிடிக்கவில்லை. பேனாவை உதறி எழுதினார். பிடிக்கவில்லை. இரண்டாம் இடத்தில் எழுதினார். கறுப்பாக, அழுத்தமாக விழுந்தது.

பன்னீர் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து விரலால் தேடினார்.

"முதல் இடம், அந்தப் பேர எங்க வீட்டுல சொல்லுததில்ல. வயசு எழுபத்து மூணு. ரெண்டாம் இடம், சங்கரநயினார். எழுபத்தொண்ணு, மூணு மாசம்." நிமிர்ந்து பார்த்தார். "இப்ப பத்து மாசம் ஆயிருக்கும்."

"அவ இந்த வீட்டுல இல்ல."

"எப்ப வெளியேறுனாவ?"

"நாப்பத்தெட்டு வருஷம் முன்னால."

"விடுவிப்பு ஆணை குடுத்தியளா?"

"இல்ல."

"வெளியேறும்போது கேக்க வேண்டிய கேள்வியக் கேட்டியளா? ஏன் போறிய, என்ன கொறை, அப்படி?"

"இல்ல."

"அப்ப வெளியேறல அண்ணாச்சி. பட்டியல்ல இருக்காவ. மூத்தவர் அவுகதான்."

சாமி அறையில் கற்பூர வாசனை அடித்தது. சங்கரநயினார் தலையைத் துவட்டினார். துண்டைப் பிழிந்தார். பிழிந்த தண்ணீர் அவர் காலடியில் ஓடிப் பன்னீரின் மேசைக்குக் கீழே போயிற்று. பன்னீர் காலைத் தூக்கிக்கொண்டார்.

"கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கு" என்றார் சங்கரநயினார்.

பன்னீர் குரலைத் தாழ்த்தினார். ஒரு படிவத்தை எடுத்து நகர்த்தினார்.

"வழி இருக்கு. இதுல நாலு கட்டம். ஒண்ணு, நல்ல வாய்ப்பு. ரெண்டு, திருமணம். மூணு, மேலதிகாரியோட நடத்தை. நாலு, இறப்பு. நாலாவதுல ஒரு டிக் போட்டு, கீழ கையெழுத்தப் போடுங்க. பட்டம் இன்னைக்கே. சாயந்திரம் அழைப்பிதழ்ல ஒங்க பேரு."

"அவ செத்துட்டாளா?"

"அது எங்களுக்குத் தெரியாது. நீங்கதான பதினாறு வச்சது."

"எனக்கு அவ செத்தவதான்."

"எனக்குன்னு தனிக் கட்டம் இல்ல அண்ணாச்சி."

சங்கரநயினார் பேனாவை எடுத்தார். நாலாவது கட்டம் சின்னதாக, சுத்தமாக இருந்தது. அதில் ஒரு டிக் போட ஒரு நொடி ஆகும். வெள்ளையாக இருந்த அந்த இடம் கறுப்பாகும். சம்பந்தி வீட்டார் கையில் வாங்கிப் படிப்பார்கள்.

நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. தண்ணீரில் முங்கினார், அவ்வளவுதான். தண்ணீரில் எதையும் எழுத முடியாது. ஊர் நம்பியது. அவரும் நம்பினார். இது காகிதம். கீழே புள்ளிக் கோடு இருந்தது. அந்தக் கோட்டில் அவர் அப்பா பெயரின் முதலெழுத்தையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

பேனாவை மூடினார்.

"கேள்விய அவகிட்டயே கேட்டுட்டு வாரேன்."

படிவத்தோடு கூடத்துக்கு வந்தார். முப்பத்தொன்பது பெண்களும் நெல் அறை வாசலில் வந்து நின்றார்கள். உலகம்மாள் கரண்டியோடு நின்றாள். சங்கரநயினார் பூத்துணியை எடுத்து மடித்து வைத்தார். ரிசீவரைத் தூக்கினார். அது கிடந்த இடத்தில் மேசை வெளுக்காமல் புதிதாக இருந்தது. ரிசீவரை அதன் இடத்தில் வைத்தார்.

வைத்ததும் மணி அடித்தது.

மூன்று தடவை மணி அடிக்கவிட்டு எடுத்தார். முதல் மணிக்கே எடுப்பது அவர் வழக்கமில்லை.

"தூத்துக்குடி எக்ஸ்சேஞ்ச்" என்றது குரல். "பாளையங்கோட்டைக்கு டிரங்க் கால். லைன் கெடைச்சிட்டு. பேசுங்க."

"யாரு பேசுதது?"

"ஆபரேட்டர்."

"ஆபரேட்டர் பேரு?"

"அந்தப் பேர ஒங்க வீட்டுல சொல்லுததில்லயாம்."

மாரிச்செல்வி சிரித்தாள். உலகம்மாள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினாள்.

சங்கரநயினார் படிவத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். தொண்டையைச் செருமினார்.

"வெளியேறியதற்குக் காரணம். ஒன்று, நல்ல வாய்ப்பு. இரண்டு, திருமணம். மூன்று, மேலதிகாரியின் நடத்தை." கொஞ்சம் நிறுத்தினார். "நான்கு, இறப்பு."

"நான் எங்க வெளியேறுனேன்? ஏழு மணி வண்டிக்கு டூட்டிக்கு வந்தேன். சாயந்திரம் வண்டிக்குத் திரும்பணும்னு ஒரு கிலோ கத்தரிக்காகூட வாங்கி வச்சேன்."

"அப்ப ஏன் வரல?"

"அடுத்த ஆளு வந்து உக்காந்தாத்தான் எந்திரிக்கலாம். லைன் குடுக்குத போர்டு காலியா இருக்கக் கூடாது. அடுத்த ஆளு வரல."

"நாப்பத்தெட்டு வருஷமாவா?"

"நீளமான ஷிப்ட்டுதான்."

"வீட்டுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"தெனமும் கூப்பிட்டேன். எங்கேஜ்டு."

சங்கரநயினார் மேசையில் வெளுக்காத இடத்தைப் பார்த்தார். ரிசீவரின் வடிவத்தில் இருந்தது. அதில் ஒரு சொட்டு விழுந்தது.

"நயினாரு" என்றது குரல். "தலையத் தொவட்டுனியா?"

"தொவட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"சின்னதுலேருந்தே நீ சரியாத் தொவட்ட மாட்ட."

முப்பத்தொன்பது பெண்களும் தரையைப் பார்த்தார்கள்.

"எந்தக் கட்டத்துல டிக் போட?" என்றார் அவர். குரல் படிவத்தைப் படித்த குரலாக இல்லை.

"எதுலயும் போடாத. மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கணுமா?"

"வேண்டாம்" என்றார். பிறகு, "வேண்டாம் அக்கா" என்றார்.

சாமி அறைக்குத் திரும்பிப் போனார். நான்கு கட்டங்களுக்கும் குறுக்கே எழுதினார். 'வெளியேறவில்லை. பணியில் இருக்கிறார்.' புள்ளிக் கோட்டில் கையெழுத்துப் போட்டார். மை பிடித்தது.

"அப்ப மூத்தவர் அவுகதான்" என்றார் பன்னீர்.

"தெரியும்."

"அழைப்பிதழ்ல அவுக பேருதான் விழும்."

"எழுத்துப் பிழை இல்லாமப் போடச் சொல்லும். வடிவு. கடைசி எழுத்து குறில்."

பன்னீர் பதிவேட்டில் அந்த நீளமான பெயரை அடித்துவிட்டுச் சின்னப் பெயரை எழுதினார். பக்கத்துக் கட்டம் காலியாயிற்று.

ஜெசிந்தா பட்டத்தைக் கொண்டு வந்தார். உருட்டி, சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். "முதல் வகுப்பு" என்றார். "ஆனால் நீங்க கேட்ட பதவி காலியில்லை."

"இத வச்சிக்கிட்டு வேற என்ன செய்யலாம்?"

"வேலைக்குப் போகலாம்."

"வேல எங்க இருக்கு?"

"ஒரே ஒரு இடத்தில் ஆள் கேட்டு நாற்பத்தெட்டு வருஷமாகக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்" என்றார் ஜெசிந்தா. சொல்லும்போதே அவர் உத்தரம் வரைக்கும் வளர்ந்துவிட்டார். கடிதம் மேலே இருந்து வந்தது. நான்காகக் கிழித்து ஒட்டிய காகிதம். சங்கரநயினார் இரண்டு முறை படித்தார். எழுத்துப் பிழை இல்லை. பெயர் மட்டும் மாறியிருந்தது. மாதச் சம்பளம் எழுதியிருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கிழிக்கவில்லை.

உலகம்மாள் சோறு கட்டிக்கொடுத்தாள்.

"துண்டு ஆறு வச்சிருக்கேன்."

"நாலு போதும்."

"புது எடம். ஆறு இருக்கட்டும். எப்ப வருவிய?"

"அடுத்த ஆளு வந்ததும்."

"கல்யாணத்துக்கு?"

"வடிவக்கா இருப்பா."

 அவள் அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். நாற்பத்தாறு வருஷத்துக் குடும்ப வாழ்க்கையில் கூடத்தில் வைத்து அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அவர் முதுகு நேராகத்தான் இருந்தது.

நெல் அறைக்குப் பின்னால் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் கொல்லை. அன்று திறந்தபோது தூத்துக்குடி. உப்புக் காற்று அடித்தது. நீளமான அறையின் கடைசியில் ஒரு போர்டு. ஓட்டை ஓட்டையாக நூற்றுக்கணக்கில் துளைகள். அதன் முன்னால் நரைத்த தலையோடு ஒரு பெண் முதுகு நேராக உட்கார்ந்திருந்தாள். அந்த முதுகை அவருக்கு அடையாளம் தெரிந்தது. தம் முதுகை அவர் பார்த்ததில்லை. ஆனால் அப்படித்தான் இருக்கும்.

மடியில் பை. பையில் கத்தரிக்காய். வாடவில்லை.

"வந்துட்டியா?" என்றாள் திரும்பாமலேயே.

"வந்துட்டேன்."

அவள் பாதி எழுந்தாள். அவர் பாதி உட்கார்ந்தார். ஒரே நாற்காலியில் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் இருந்தார்கள். சின்ன வயதில் ஊஞ்சலில் இருந்ததுபோல நெருக்கமாக இருந்தது. அப்புறம் அவள் முழுக்க எழுந்தாள். போர்டு ஒரு கணம்கூடக் காலியாக இல்லை.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் தலையை ஒரு தடவை அழுத்தித் துவட்டினாள். காயவில்லை. "பழைய தண்ணி" என்றாள். தன் காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி அவர் தலையில் மாட்டினாள்.

"வெளக்கு எரிஞ்சா இதச் சொருகு. மரியாதையாப் பேசு."

"மரியாத எனக்குச் சொல்லித் தரணுமா?"

"ஒனக்குத்தான் சொல்லித் தரணும்."

"நம்ம வீட்டுக் கதவு அந்தப் பக்கம்" என்றார்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள் வடிவு. கத்தரிக்காய்ப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அறை நீளம்தான். அவள் நடை சத்தம் வெகு நேரம் கேட்டது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் கரண்டி கீழே விழும் சத்தமும் கேட்டது.

சங்கரநயினார் வேட்டியைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தலையிலிருந்து சொட்டியது. போர்டுக்குக் கீழே அதற்கென்றே ஒரு கிண்ணம் வைத்திருந்தார்கள்.

பதினெட்டு நாளும் அங்கே ஒரே நாளாக இருந்தது. யார் யாரோ யார் யாரையோ கேட்டார்கள். அவர் மரியாதையாக இணைத்தார். ஒரு தடவை பிச்சாண்டி கூப்பிட்டார். அழைப்பிதழ் அடித்து முடித்தாயிற்று, எந்த இடமும் வெள்ளையாக இல்லை என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டுமாம். குரலை அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. "ரொம்ப நன்றி சார்" என்றார். சங்கரநயினார் இணைத்துவிட்டார். ஒட்டுக்கேட்கவில்லை.

அப்புறம் மேல் வரிசையில் ஒரு விளக்கு எரிந்தது. எந்த வீடு என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு மணி அடிக்கவிடவில்லை. உடனே சொருகினார்.

"நம்பர் ப்ளீஸ்" என்றார்.

மறுபக்கம் நாதஸ்வரம் கேட்டது. பாத்திரச் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ நகரச் சொன்னார்கள்.

"நம்பர்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் உலகம்மாள். "மாப்ள வீட்டுலேருந்து கேக்காவ. பொண்ணு வீட்டுல எத்தனை பேருன்னு. எல்லாரும் வரிசையா நிக்கோம். சொல்லுதோம், கேட்டுக்கிடுங்க."

"சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணு" என்றது தெளிவான ஒரு குரல். எண்களைச் சொல்லிப் பழகிய குரல்.

"ரெண்டு" என்றாள் உலகம்மாள். அடுப்பில் எதுவும் இல்லை என்றும் சொன்னாள்.

மூத்த மகன் சொன்னான். இளையவன் சொன்னான். மருமகள்கள் சொன்னார்கள். பேத்தி "ஏழு" என்றாள். அழுதிருப்பாள் போலிருந்தது, கல்யாணப் பெண்கள் அழுவது வழக்கம். பேரன் "எட்டு" என்றான்.

நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தினார். மறுபக்கம் யாரும் பேசவில்லை. லைன் துண்டிக்கப்படவும் இல்லை. கிண்ணத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

சங்கரநயினார் முதுகை நிமிர்த்தினார்.

"ஒன்பது" என்றார்.